மலிவுச் சவரக்கத்தி வாங்கு முன்

சம்பளம் போட்ட ஞாயிறு டவுனுக்குப் போனால், நடைபாதைக் கடையில் சவரக்கத்தி பளபளக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். இவற்றைக் கவனியுங்கள்:

1. கத்தியைக் கண்ணாடித் துண்டில் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் நுனி முதல் அடி வரை ஒட்டிக் கிடக்க வேண்டும். ஆடினால் அலகு கோணல். வீட்டில் தீட்டிச் சரிக்கட்ட முடியாது.

2. மடக்கும்போது அலகு பிடியின் ஓரத்தில் உரசினால் வாய் மழுங்கிப் போகும்.

3. கவ்வாத்துக் கத்தி தீட்டும் சொரசொரப்புக் கல் இதற்கு ஆகாது. 1000 எண் கல்லில் வாய் பிடித்து, 8000 எண் கல்லில் முடிக்க வேண்டும். கல்லில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடி மேல் விரித்த சேன்ட்பேப்பரில் தேயுங்கள். கோடு அழியாத இடம் பள்ளம்.

4. கல்லில் வாய் முன்னே போக வேண்டும். தோல்வாரில் முதுகு முன்னே. மாற்றிச் செய்தால் வாரும் வெட்டுப்படும், கூரும் போய்விடும்.

கத்தி மலிவுதான், கல்லும் வாரும் சேர்ந்தால் மலிவில்லை. அதற்காக லயத்துக்கே ஒரு கத்தி என்று வைக்காதீர்கள். ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். துணியால் துடைத்தால் போகாது. அண்ணன் தம்பியானாலும் கத்தி தனித்தனி. சலூனில் புது பிளேட் போடச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.