பகுதி மூட்டு மாற்றும் எக்ஸ்-ரேயின் கறுப்புக் கோடும்

முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து, மற்றப் பகுதிகளும் இணைநார்களும் நலமாக இருக்கும்போது, தேய்ந்த பக்கத்துக்கு மட்டும் உலோகமும் பாலிஎத்திலீனும் பொருத்துவது பகுதி மூட்டு மாற்று எனப்படும். அறுவைக்குப் பின் எடுக்கும் எக்ஸ்-ரேயில் கீழ்க்கால் எலும்பின்மேல் அமர்ந்த உலோகத் தட்டின் அடியில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மூட்டு கழன்றுவிட்டது, அதன் ஆயுள் முடியப்போகிறது என்ற நம்பிக்கை நோயாளிகளிடம் மட்டுமன்றி மருத்துவர் சிலரிடமும் உண்டு.

இந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு. அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெலோவும் பொறியாளர் ஜான் ஓ'கானரும் ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய, நகரும் பாலிஎத்திலீன் துண்டு கொண்ட மூட்டைச் சிமெண்ட் வைத்துப் பொருத்தியவர்களில் இத்தகைய கோடு மிகப் பரவலாகக் காணப்பட்டிருக்கிறது. அதற்கும் வலிக்கும், அதற்கும் மூட்டு கழல்வதற்கும் தொடர்பு காணப்படவில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத தடிமனும், தெளிவான விளிம்பும், அதை ஒட்டி அடர்ந்த எலும்பாலான வெண்கோடும் கொண்டு, தொடக்கத்தில் உருவாகிப் பிறகு மாறாமல் நிற்கும் இதனை இயல்பான கோடு என்றே வகைப்படுத்துகின்றனர். அஞ்சத்தக்கது வேறு: இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி, விளிம்பு மங்கி, படத்துக்குப் படம் அகன்றுகொண்டே போகும் கோடுதான் கழல்வைக் காட்டுவது.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது கதிர் விழும் கோணம். எக்ஸ்-ரே கதிர் தட்டின் அடிப்பரப்புக்கு இணையாகச் சென்றால்தான் கோடு தெரியும். சில பாகை சாய்ந்தாலே அது மறைந்துவிடும். சென்ற ஆண்டுப் படத்தில் இல்லாத கோடு இவ்வாண்டுப் படத்தில் தோன்றுவது மூட்டின் மாற்றமாக இல்லாமல் கோணத்தின் மாற்றமாகவே இருக்கலாம் என்பதால், இரு படங்களையும் ஒப்பிடுவதற்கு முன் இரண்டும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவையா என்று பார்ப்பது இன்றியமையாதது.

பகுதி மூட்டு நெடுநாள் உழைக்காது என்ற மற்றொரு நம்பிக்கைக்கு மூட்டு மாற்று அறுவைகளையும் மறு அறுவைகளையும் பதியும் மூட்டுப் பதிவேடுகளைச் சான்று காட்டுவர். பகுதி மூட்டில் மறு அறுவை விகிதம், முழங்கால் மூட்டு முழுவதையும் மாற்றும் முழு மூட்டைவிடக் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் பகுதி மூட்டை முழு மூட்டாக மாற்றுவது ஒப்பளவில் எளிது என்பதால் அம்முடிவு விரைவாக எடுக்கப்படுகிறது. கோட்டைத் தவறாகப் படித்துச் செய்த தேவையற்ற அறுவையும் பதிவேட்டில் மூட்டின் தோல்வியாகவே ஏறி, அதே நம்பிக்கையை மேலும் வளர்க்கிறது. அதனால் பாதிக்கப்படுவோர் நன்றாக இயங்கும் மூட்டை இழக்கும் நோயாளிகள் என்பது வருந்தத்தக்கது.

அறுவையின் பலனை முன்னறிய உதவும் படங்களுள் முதன்மையானது அறுவைக்கு முன்பே எடுக்கப்படுகிறது. உட்பக்கக் குறுத்தெலும்பு முழுவதும் அழிந்து எலும்போடு எலும்பு உரசுவது நிற்கும் நிலையிலோ, மூட்டை அழுத்திப் பிடித்தோ எடுத்த எக்ஸ்-ரேயில் தெரிந்தால் பலன் நல்லதாக அமைகிறது. குறுத்தெலும்பு பாதியளவே தேய்ந்தவர்களிடம் வலி நீடிப்பதும் மறு அறுவையும் மிகுதி.

பின்னாளைய கழல்வை முன்கூட்டியே உணர்த்தும் நுண்ணிய முறையும் இருக்கிறது. ஸ்வீடனின் லுண்டில் யோரன் செல்விக் 1974-இல் வகுத்த அம்முறையில், எலும்பில் பதித்த டாண்டலம் மணிகளை அடையாளமாகக் கொண்டு, ஒரே நேரத்தில் இரு எக்ஸ்-ரேக்கள் எடுத்து, மூட்டு நகர்ந்த தொலைவை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில் கணிக்கின்றனர். முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையே 0.2 மில்லிமீட்டருக்கு மேல் நகர்வது எச்சரிக்கை எனக் கொள்ளப்படுகிறது. எனினும் இந்த எல்லை அளவு முழு மூட்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. மேலும் இம்முறை ஒரு மூட்டு வடிவமைப்பின் தரத்தை மதிப்பிடும் ஆராய்ச்சிக் கருவியேயன்றி, தனியொருவரின் மூட்டு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று கணித்துச் சொல்வதற்கானதன்று.

ஆகவே, கறுப்புக் கோட்டை மட்டும் காட்டி மறு அறுவை பரிந்துரைக்கப்படும் நோயாளி, சரியான கோணத்தில் மீண்டும் ஒரு படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுமாறு கேட்க வேண்டும். அதற்காக அறுவைக்குப் பின் எடுத்த முதல் எக்ஸ்-ரேயைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.