கப்பலேறும் நாய்: செல்லமா, துணையா?

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காரணமின்றி அங்கும் இங்கும் அலைபவரைப் பார்த்துச் சொல்லும் பழமொழி இது. ஆனால் வேலையுள்ள நாய்களும் இவ்வுலகில் உண்டு. பார்வையற்றவருக்கு வழிகாட்டுவதும், காது கேளாதவருக்கு ஒலியை அறிவிப்பதும், சக்கர நாற்காலியில் இருப்பவர் தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுப்பதும் அவற்றின் வேலைகள். இவ்வாறு பயிற்சி பெற்ற நாயை உதவி நாய் என்கிறோம். அன்புக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் வீட்டில் வளர்ப்பதைச் செல்லப் பிராணி என்கிறோம்.

தெருவில் நடந்து போகும்போது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு எளிதில் புலப்படுவதில்லை. இரண்டுக்கும் நான்கு கால், ஒரு வால்! ஆனால் பல நாட்கள் கடலிலேயே செல்லும் பயணக் கப்பலில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஆகவே, தோழியரே, கப்பலையே நம் வகுப்பறையாகக் கொண்டு இதனைக் கற்போம் வாருங்கள்.

அன்றைய கப்பல்களில் பிராணிகள்

கப்பலுக்கும் பிராணிகளுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. தானிய மூட்டைகளையும் கயிறுகளையும் எலிகள் நாசம் செய்யாதிருக்க மாலுமிகள் பூனைகளை வளர்த்தனர். 1840ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து குனார்டு நிறுவனத்தின் "பிரிட்டானியா" என்னும் நீராவிக் கப்பல் தன் முதல் பயணமாக அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டது. அதில் மூன்று பூனைகள் இருந்தன என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது.

பின்னர்ச் செல்வர்கள் தங்கள் நாய்களையும் உடன் கொண்டு செல்லலாயினர். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பனிப்பாறையில் மோதி மூழ்கிய "டைட்டானிக்" கப்பலில் ஏறத்தாழ 12 நாய்கள் இருந்தன. அவற்றுள் உயிர் பிழைத்தவை மூன்றே. இரண்டு பொமரேனியன், ஒரு பெக்கினீஸ். மூன்றுமே மிகச் சிறிய நாய்கள். கையில் தூக்கிக்கொண்டு உயிர்காப்புப் படகில் ஏற முடிந்ததால் அவை பிழைத்தன. கூண்டுகளில் விடப்பட்டிருந்த பெரிய நாய்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அந்நாளில் நாய் என்பது பயணியின் உடைமைகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

தடை வந்தது ஏன்?

இன்று பெரும்பாலான உல்லாசப் பயணக் கப்பல்களில் செல்லப் பிராணிகளுக்கு இடமில்லை. இதற்கு முக்கியமான காரணம் வெறிநாய்க்கடி நோய். இந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் மனிதனைக் காப்பாற்றுவது அரிதினும் அரிது. பிரிட்டன் போன்ற தீவு நாடுகள் தங்கள் மண்ணிலிருந்து அதனை அரும்பாடுபட்டு ஒழித்துள்ளன. எனவே வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நாயையும் ஐயத்துடனேயே பார்க்கின்றன. 2000ஆம் ஆண்டுக்கு முன் பிரிட்டனுக்குள் வந்த நாய் 6 மாதம் தனிமைக் காவலில் இருந்தாக வேண்டும். அந்த ஆண்டில்தான் இவ்விதி தளர்த்தப்பட்டது. இப்போது நாயின் தோலுக்கடியில் அரிசி மணி அளவான அடையாளச் சில்லு வைக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு 21 நாள் கழிய வேண்டும். பிரிட்டனை அடைவதற்கு முன் 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். பிற நாடுகள் பலவற்றிலிருந்து வரும் நாய்களுக்கு இதுவே விதி.

ஓர் உல்லாசக் கப்பல் ஒரே வாரத்தில் மூன்று நான்கு நாடுகளைத் தொடும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம். மேலும் ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்குகின்றனர். சிலருக்கு நாயின் முடி ஒவ்வாது. சிலருக்கு நாயைக் கண்டாலே அச்சம். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், செல்லப் பிராணிகளை மறுப்பதில் நியாயம் இருப்பதை உணரலாம்.

செல்லங்களுக்கு ஒரு கப்பல்

இந்தத் தடைக்கு விலக்கான புகழ்பெற்ற கப்பல் ஒன்று உண்டு. அதுவே 2004ஆம் ஆண்டு தன் முதல் பயணத்தைத் தொடங்கிய "குயின் மேரி 2". இங்கிலாந்தின் சௌதாம்ப்டனுக்கும் அமெரிக்காவின் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணங்களில் அது நாய்களையும் பூனைகளையும் ஏற்றிச் செல்கிறது. அவற்றுக்கென உயரமான தளமொன்றில் கூண்டறைகளும், கவனித்துக்கொள்ளத் தனிப் பணியாளரும் உண்டு. பூனைக்கு இரண்டு கூண்டுகள் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒன்று படுக்க, மற்றொன்று அதன் மணல் தட்டை வைக்க!

2016ஆம் ஆண்டு இக்கப்பல் புதுப்பிக்கப்பட்டபோது கூண்டுகளின் எண்ணிக்கை பெருக்கப்பட்டது. நாய்கள் உலாவும் இடத்தில் வேடிக்கையான இரண்டு பொருள்களும் வைக்கப்பட்டன. ஒன்று பிரிட்டனின் பழைய தெருவிளக்குக் கம்பம். மற்றொன்று அமெரிக்கத் தெருக்களில் தீயணைப்பு வண்டிகள் நீரெடுக்கும் குழாய். எந்த நாட்டு நாயானாலும் தனக்குப் பழக்கமான இடத்தில் காலைத் தூக்கலாம் அல்லவா?

இத்தனை உபசாரம் இருந்தும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாய் தன் எசமானரின் அறைக்குச் செல்ல முடியாது. உணவுக்கூடத்துக்குள் நுழைய முடியாது. குறித்த நேரங்களில் எசமானர்தான் அதனைப் பார்க்க வர வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. செல்லப் பிராணியின் நிலை இதுதான். அது அன்புக்குரிய விருந்தாளி. ஆனால் அதனைப் பிரிந்திருந்தாலும் எசமானரால் நடக்க முடியும், உண்ண முடியும், உறங்க முடியும்.

ஒரு பயணம், இரண்டு அனுபவங்கள்

பிரிந்தால் நடக்கவே இயலாதவரின் நிலை என்ன? இதற்கு விடை கூறும் உண்மை வரலாறு ஒன்று உண்டு.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மாரிஸ் ஃபிராங்க் என்னும் இளைஞர் வாழ்ந்தார். சிறு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். 16ஆம் வயதில் குத்துச்சண்டையில் மற்றொரு கண்ணையும் இழந்தார். 1927ஆம் ஆண்டு டோரதி யூஸ்டிஸ் என்னும் அம்மையார் ஒரு வார இதழில் கட்டுரை ஒன்று எழுதினார். முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு ஜெர்மனியில் வழிகாட்டி நாய்கள் பயிற்றுவிக்கப்படுவதை அதில் விளக்கியிருந்தார். தந்தை அதனைப் படித்துக் காட்ட, ஃபிராங்க் உடனே அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். தமக்கு ஒரு நாய் கிடைத்தால், தம் நாட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அந்த வழியைக் காட்டுவதாக உறுதி கூறினார். அம்மையாரும் அவரைச் சுவிட்சர்லாந்துக்கு வரச் சொன்னார்.

1928ஆம் ஆண்டு 20 வயது ஃபிராங்க் கப்பலேறினார். தனியே செல்லும் பார்வையற்றவர் என்பதால் அவரை ஒரு பொட்டலத்தைப் போலவே அனுப்பி வைத்தார்கள். கப்பல் பணியாள் வந்து அழைத்துச் சென்றால்தான் அவர் வெளியே வர முடியும். மற்ற நேரமெல்லாம் அறைக்குள்ளேயே அடைபட்டிருந்தார். கூண்டிலிருந்த நாய்க்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

சுவிட்சர்லாந்தில் அவருக்கு ஒரு பெண் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் கிடைத்தது. அதற்குப் "படி" என்று பெயரிட்டார். "தோழன்" என்பது அதன் பொருள். சில வாரப் பயிற்சிக்குப் பின் இருவரும் கப்பலில் அமெரிக்கா திரும்பினர். இம்முறை அவரை யாரும் அறையில் அடைக்கவில்லை. நாயின் சேணப்பிடியைப் பற்றிக்கொண்டு தளமெங்கும் தம் விருப்பப்படி நடந்தார். அதே கடல்தான், அதே மனிதர்தான். அவர் இடக்கையில் இருந்த அந்தப் பிடி ஒன்றுதான் புதியது.

நியூயார்க்கில் இறங்கியதும், செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் நெருக்கியடித்துச் செல்லும் அகன்ற சாலை ஒன்றை இருவரும் கடந்தனர். "வெற்றி" என்ற ஒரே சொல்லை அம்மையாருக்குத் தந்தியில் அனுப்பினார் ஃபிராங்க். மறு ஆண்டே, 1929இல், நாஷ்வில்லில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. "சீயிங் ஐ" என்ற பெயருடன் அது இன்றும் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடைபெறுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

படி திறந்த வழியில் பலர் நடந்தனர். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாற்றுத் திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் கடலில் ஒரு சிக்கல் எழுந்தது. உல்லாசக் கப்பல்கள் பல பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அந்நாட்டுக் கொடியையே பறக்கவிடுபவை. அவற்றை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்துமா? மாற்றுத் திறனாளிப் பயணிகள் சிலர் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கடற்பகுதியில் இருக்கும்போது அயல்நாட்டுக் கொடியுள்ள உல்லாசக் கப்பலுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்நாட்டு விதிகளின்படி, பணியாளர் நாயுடன் வருபவரிடம் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம். உடற்குறையின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலை செய்ய இது பயிற்சி பெற்றுள்ளது? நோயைப் பற்றித் துருவிக் கேட்கலாகாது. நாய்க்கெனத் தனிக் கட்டணம் வாங்கலாகாது. இரண்டாவது கேள்வியைக் கவனித்தீர்களா? நாயின் இனத்தையோ விலையையோ கேட்கவில்லை. அதன் வேலையைத்தான் கேட்கிறது!

கப்பலில் அதன் நாட்கள்

உதவி நாய் எசமானரின் அறையிலேயே தங்குகிறது. உணவுக்கூடத்தில் மேசைக்கடியில் ஓசையின்றிப் படுத்திருக்கிறது. நீச்சல் குளத்தில் மட்டும் இறங்க அனுமதியில்லை. மரத்தூளோ புல்லோ பரப்பிய பெட்டி ஒன்று தளத்தின் ஓரத்தில் அதற்காக வைக்கப்படும். மண்ணிலேயே பழகிய நாய்க்கு இது புதிது. ஆகவே விவரமறிந்தவர்கள் புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே வீட்டில் இத்தகைய பெட்டியில் நாயைப் பழக்குகின்றனர்.

கப்பலில் அதன் வேலை எளிதன்று. நீண்ட நடைவழிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சில கதவுகளின் அடியில் உயர்ந்த இரும்புத் தடுப்புகள் இருக்கும். மாடிப்படிகளுக்கு முன் நாய் நின்று எசமானருக்கு உணர்த்த வேண்டும். முன்னே ஆபத்து இருந்தால், "போ" என்று கட்டளையிட்டாலும் போகாமல் நிற்க வேண்டும். கீழ்ப்படிவதைக் காட்டிலும் கடினமான பாடம், எப்போது கீழ்ப்படியக் கூடாது என்று அறிவது! கப்பலில் ஆபத்து நேர்ந்தால் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் எழுப்பப்படும். உறங்கும் காது கேளாத பயணியை அவ்வேளையில் தட்டி எழுப்பப் பயிற்சி பெற்ற நாய் அருகில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

ஆயினும் வெறிநாய்க்கடி பற்றிய துறைமுகச் சட்டங்கள் உதவி நாய்க்கும் உண்டு. தடுப்பூசிச் சான்றும் கால்நடை மருத்துவரின் சான்றும் இல்லாவிடில் கரையிறங்க முடியாது. எனவே எசமானர் ஒவ்வொரு துறைமுகத்தின் விதியையும் முன்கூட்டியே கேட்டறிந்து, தாள்களைச் சேர்க்க வேண்டும். உரிமை பெற்றவருக்கும் கடமை உண்டு.

போலியால் வரும் கேடு

இங்கே வருந்தத்தக்க ஒன்றையும் கூற வேண்டும். செல்ல நாயைப் பிரிய மனமில்லாத சிலர், கடையில் ஓர் அங்கி வாங்கி அணிவித்து, அதனை உதவி நாய் என்று சொல்லிவிடுகின்றனர். "இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று தோன்றலாம். பயிற்சியில்லாத நாய் உணவுக்கூடத்தில் குரைக்கும். பிறர் மேல் பாயும். உண்மையாக வேலை செய்யும் நாயைக் கடித்துவிட்டால் அந்நாய் அஞ்சி, மீண்டும் வேலை செய்ய இயலாமலே போகலாம். அப்போது கண்ணிழந்த ஒருவர் இரண்டாம் முறையும் கண்ணிழக்கிறார். அடுத்து வரும் உண்மையான எசமானரையும் பணியாளர் ஐயத்துடனேயே பார்ப்பார். அன்பினால் செய்த பொய்யே ஆனாலும், அதன் சுமை வலியவர் மேல் விழுவதில்லை. குறையுடையவர் மேல்தான் விழுகிறது.

முடிவுரை

செல்லப் பிராணியின் அன்பு தாழ்ந்தது என்று நாம் கூறவில்லை. கூண்டறைக்கு ஓடோடி வரும் எசமானரைக் கண்டு வாலாட்டும் நாயின் மகிழ்ச்சியும் உயர்ந்ததே. ஆனால் அன்பு வேறு, தேவை வேறு. சலுகை வேறு, உரிமை வேறு. இந்த வேறுபாட்டை அறிந்து நடப்பதே நாகரிகம்.

நாம் கப்பலேறும் நாள் வருமோ, வராதோ! ஆனால் உதவி நாயுடன் ஒருவர் எதிரே வரும் நாள் வரலாம். அன்று நாம் செய்ய வேண்டியவை சில. வேலையிலிருக்கும் நாயைத் தொடலாகாது, கூப்பிடலாகாது, தின்பண்டம் கொடுக்கலாகாது. பேச வேண்டுமாயின் நாயிடம் அன்று, மனிதரிடம் பேச வேண்டும். உதவி வேண்டுமா என்று கேட்டு, அவர் வேண்டுமென்றால் மட்டும் செய்ய வேண்டும். வழி தெரியாதவர் என்று எண்ணி அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அவர் இடக்கையில் வழி ஏற்கெனவே இருக்கிறது.