சுவரில் பூஞ்சணம்: இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர் எங்கே முறையிடலாம்?

2020 டிசம்பரில், மான்செஸ்டருக்குப் பக்கத்து ராச்டேல் நகரில், அவாப் இஷாக் என்ற குழந்தை இரண்டாவது பிறந்தநாள் கழிந்த சில நாட்களில் இறந்துபோனது. குடும்பம் இருந்தது ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். குளியலறையிலும் சமையலறையிலும் கறுப்பாய்ப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சூடானிலிருந்து வந்திருந்த தகப்பன் 2017-லேயே முறையிட்டிருந்தார். ஃபிளாட்டை வாடகைக்கு விட்ட வீட்டு நிறுவனம் மேலே பெயின்ட் அடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டது. நெடுநாள் பூஞ்சணத்தோடு வாழ்ந்ததால் வந்த கடும் சுவாச நோயே சாவுக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் முடிவு சொன்னார்.

அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு விவரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. குழந்தை இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே குடும்பம் சொலிசிட்டர் மூலம் வழக்குக்கான வேலையைத் தொடங்கியிருந்தது. அப்படி வழக்கு வந்துவிட்டால், அந்தத் தரப்பு சொலிசிட்டரோடு உடன்பாடு எட்டும்வரை திருத்த வேலையில் கைவைப்பதில்லை என்பது அந்த வீட்டு நிறுவனத்தின் அப்போதைய நடைமுறை. நட்டஈட்டுக்கான வழி, சுவரைச் சுத்தமாக்கும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

ஆகவே எந்த வழியில் போவது என்று யோசிப்பவர், தனக்கு முதலில் வேண்டியது என்ன என்று தீர்மானிக்க வேண்டும். பிள்ளை இரவில் இருமுகிறது என்றால் வேண்டியது திருத்த வேலை. பணத்தை அப்புறம் கேட்கலாம்; அதற்குச் சட்டம் ஆண்டுக்கணக்கில் அவகாசம் தருகிறது. நம்மவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுக்கிற 'நட்டஈடு வாங்கித் தருகிறோம்' ஆட்களிடம்தான் முதல் கையெழுத்துப் போகிறது.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வாடகைச் சட்டமே வேறு.

கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீடு

இங்கே இருப்பவர்களுக்கு இப்போது கை ஓங்கியிருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே வந்த 'அவாப் சட்டம்' 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். குறிப்பிடத்தக்க ஓதமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலைநாளில் வந்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த 3 வேலைநாளில் கண்டதை எழுத்தில் தர வேண்டும். 5 வேலைநாளில் ஆபத்தை நீக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் முடியாவிட்டால் அவர்கள் செலவில் வேறு இடம் தர வேண்டும். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் அதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். ஆபத்து எவ்வளவு பெரியது என்று கணிக்கும்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும்.

கெடு தவறினால் அவர்களுடைய முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலைநாள், இரண்டாம் கட்டத்துக்கு 20. அதற்குப் பிறகு ஹவுசிங் ஓம்புட்ஸ்மன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. திருத்தச் சொல்லி உத்தரவு போடுவார்கள், சில நூறு முதல் சில ஆயிரம் பவுண்டு வரை இழப்பீடும் கிடைக்கும். குறை என்னவென்றால் முடிவு வரப் பல மாதம் ஆகும். நீதிமன்றத்தில் வழக்குப் பதிந்துவிட்டால் அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார். சொலிசிட்டர் முன்கடிதம் அனுப்பியதோடு நின்றால் எடுப்பார். இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்க நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

தனியார் வீடு

அவாப் சட்டத்தைத் தனியார் வாடகைக்கும் நீட்டிக்க 2025-இன் வாடகையாளர் உரிமைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அது வரும்வரை இங்கே வலுவான வழி உள்ளூர்க் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு. எழுத்தில் முறையிட்டு, ஆய்வுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். அதிகாரி வந்து பார்த்து 'முதல் வகை ஆபத்து' என்று கணித்துவிட்டால், நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. வீட்டுக்காரருக்குத் திருத்த நோட்டீஸ் போகலாம். அதை மீறுவது குற்றம். தண்டத்தோடு, கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்டு நீங்கள் தீர்ப்பாயத்துக்குப் போகவும் வழி பிறக்கும். ஆள் பற்றாக்குறையால் சில கவுன்சில்கள் இழுத்தடிக்கும். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு பிரதி அனுப்பினால் வேகம் கொஞ்சம் கூடும்.

ஒரு விசித்திரம்: கவுன்சில் தனக்குத்தானே இந்த நோட்டீஸைப் போட முடியாது. கவுன்சில் வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கதவு இல்லை. அவருக்கு 1990-இன் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு கைகொடுக்கும். 21 நாள் அறிவித்தல் கொடுத்துவிட்டு நேரே மஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். ஓதம் ஏன் வந்தது என்ற வாதத்தைவிட, வீடு உடல்நலத்தைக் கெடுக்கும் நிலையில் இருக்கிறதா என்பதே அங்கே பெரிய கேள்வி. இது குற்றவியல் வழக்கு என்பதால் வீட்டு நிறுவனங்கள் இதற்குக் கொஞ்சம் அஞ்சும்.

முறையிட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. காரணமே சொல்லாமல் வெளியேற்ற உதவிய செக்‌ஷன் 21 நோட்டீஸை 2026 மே 1 முதல் புதிதாகக் கொடுக்க முடியாது. அதன் பிறகு சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றைக் காட்டியாக வேண்டும். வாடகை பாக்கி அப்படியான காரணங்களில் ஒன்று. அதனால் கோபத்தில் வாடகையை நிறுத்துவது, வீட்டுக்காரருக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுப்பதாகும்.

ஒப்பந்தம் இல்லாத அறை

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை, மாதாமாதம் கையில் காசு, துண்டுக் காகிதம் கிடையாது. இது நமக்குப் புதிதல்ல. 'அண்ணை, சுவர் கறுக்குது' என்று சொன்னால், 'தம்பி, ஜன்னலைத் திறந்து வையும்' என்று பதில் வரும். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்ற கூச்சத்தில் பேச்சு அதோடு முடிந்துவிடும். எழுத்து ஒப்பந்தம் இல்லாமலும் வாடகை உரிமை உண்டு. ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் நீங்கள் சட்டப்படி பெரும்பாலும் 'லாட்ஜர்'. வழக்குப் போடும் உரிமை மிகவும் சுருங்கிவிடும், வெளியேற்றுவதும் சுலபம். இப்படிப்பட்டவருக்கு என் யோசனை: கவுன்சிலுக்குச் சொல்லுமுன் போக ஓர் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவில் 'அரச நிதி கிடையாது' என்று இருப்பவர்களும் கவுன்சிலின் ஆய்வைக் கேட்கலாம். அது உதவிப்பணம் அல்ல. சட்ட உதவியும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

நீதிமன்றமும் நட்டஈடும்

நீண்டகாலம் கையில் இருந்தது 1985-இன் வீட்டுக்காரர்–குடியிருப்பாளர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மட்டும்தான். கட்டடம் பழுதானால்தான் அது பேசும். 1980-களில் வேல்ஸின் டாஃப் ஈலை கவுன்சிலுக்கு எதிராக ஒருவர் போட்ட வழக்கில், உலோக ஜன்னல் சட்டங்களில் நீராவி படிந்து வீடே நனைந்தாலும், எதுவும் உடைந்து பழுதாகாததால் அது 'பழுது' ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஓட்டையை அடைத்தது 2018-இல் நிறைவேறி 2019 மார்ச் 20 முதல் அமலான, குடியிருக்கத் தகுந்த வீடுகள் பற்றிய சட்டம். காற்றோட்டம் போதாத, குளிர் உறைக்கும் சுவர் கொண்ட வீடாகக் கட்டியதே தவறு என்றும் இப்போது வாதாடலாம்.

இங்கே இரண்டு வகைக் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீடு மோசமாக இருந்ததற்கான இழப்பீடு முதலாவது. நீதிமன்றம் அந்தக் கால வாடகையில் ஒரு பங்கைத் தரும், பாழான மெத்தை, உடுப்புக்குத் தனியாகத் தரும். இதை நிரூபிப்பது கடினமல்ல. ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. உடல்நலக் கேட்டுக்கான நட்டஈடு இரண்டாவது. இது கடினம். உங்கள் இளைப்பு இந்தச் சுவரால் வந்தது, மகரந்தத்தாலோ சிகரெட்டாலோ அல்ல என்று மருத்துவ நிபுணர் எழுதித் தர வேண்டும்; அவகாசமும் மூன்றே ஆண்டு. ஜீபியின் பதிவேட்டில் 'வீட்டில் பூஞ்சணம்' என்ற வரி அன்றைக்கே ஏறியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ஏறாவிட்டால் முதல் வகையோடு திருப்திப்படுவதே புத்திசாலித்தனம் என்பது என் கணிப்பு. எந்த இனப் பூஞ்சணம் என்று ஆய்வுகூடத்துக்குக் காசு கட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டலே பூஞ்சணத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஓர் எண்ணைச் சொல்லவில்லை. ஓதத்தைப் போக்கச் சொல்கிறது.

ஆபத்தை நீக்கும் திருத்த வழக்குக்கு, வருமானம் குறைந்தவருக்கு அரச சட்ட உதவி கிடைக்கலாம். நட்டஈட்டுக்கு மட்டும் என்றால் கிடைக்காது. அந்த இடைவெளியில்தான் 'வென்றால்தான் கட்டணம்' நிறுவனங்கள் நுழைகின்றன. எல்லாம் மோசமில்லை. ஆனால் சுவரிடை நிரப்பு (cavity wall insulation) வேலை தவறிப்போய் ஓதம் ஏறிய வீடுகளுக்காக ஆயிரக்கணக்கில் வழக்கெடுத்த ஷெஃபீல்டின் எஸ்எஸ்பி நிறுவனம் 2024-இல் நொடித்தபோது, ஒரு சல்லியும் போகாது என்று நம்பியிருந்தவர்களிடம் எதிர்த்தரப்பின் செலவைக் கேட்டுப் பில் வந்தது. கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை எந்தக் காப்புறுதி கட்டும், நடுவில் நான் விலகினால் என்ன ஆகும்? பதில் எழுத்தில் வராவிட்டால் ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ், பகுதிச் சட்ட மையம் என்று இலவச இடங்களுக்குப் போங்கள்.

சமையலைக் குறை சொன்னால்

எந்த வழியானாலும் எதிர்த்தரப்பின் முதல் வாதம் ஒன்றே: நீங்கள் சோறு வடிக்கிறீர்கள், புட்டு அவிக்கிறீர்கள், உடுப்பை ரேடியேட்டரில் காயப்போடுகிறீர்கள். ராச்டேல் குடும்பத்தையும் குளிக்கும் பழக்கத்தைச் சொல்லித்தான் பழித்தார்கள். அந்த நிறுவனம் பிறகு அதை ஒப்புக்கொண்டது. வாழ்க்கை முறையைக் காரணம் காட்டித் தப்பக்கூடாது என்று ஹவுசிங் ஓம்புட்ஸ்மன் 2021-இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

வாதத்தை முறிக்கச் சாட்சி வேண்டும். குளியலறை எக்ஸ்ட்ராக்டர் ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூத் தாளை அதன் கிரில் அருகே பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்காமல் கீழே விழுந்தால் அது காற்றை இழுக்கவில்லை. விழுவதை வீடியோ எடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியை இழுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், கறையின் பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படமெடுங்கள். துடைத்துச் சுத்தம் செய்யுமுன் எடுக்க வேண்டும். சுத்தம் செய்த பின் அதே இடத்தில் மறுபடி முளைப்பதையும் எடுக்க வேண்டும். மலிவான ஹைக்ரோமீட்டர் ஒன்றை அறையில் வைத்து, ஹீட்டிங் போட்டிருக்கும்போது ஈரப்பதம் எவ்வளவு என்று தேதியோடு குறியுங்கள். வாயால் சொன்னதை அன்றே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு எழுதிவிடுங்கள். பழுது அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் பெரும்பாலும் பொறுப்புத் தொடங்குகிறது.

பிள்ளைகளுக்கு மட்டும் கால எல்லை வேறு. உடல்நலக் கேட்டுக்கான மூன்று ஆண்டு, அவர்களுக்குப் பதினெட்டு வயது முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஜீபி பதிவும் படங்களும் அதுவரை கைவசம் இருக்கட்டும்.