அறுபதில் போனால் எங்கே நிற்கும்?

கேள்வி: விசைத்தறி வைத்திருக்கிறேன். நூல் மூட்டையோடு பைக்கில் அடிக்கடி திருத்தணி போய் வருவேன். ஆடிக் கிருத்திகை சமயத்தில் ராத்திரியெல்லாம் காவடிக்காரர்கள் ரோட்டோரம் நடந்து வருகிறார்கள். நான் 60-க்கு மேல் போவதே இல்லை. ‘40-லேயே போங்கப்பா’ என்கிறான் மகன். வெறும் 20-இல் என்ன வந்துவிடப் போகிறது?
- வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். வண்டி நிற்க ஆகும் தூரத்தில் இரண்டு பங்கு உண்டு. ஆளைப் பார்த்து, சுதாரித்து, பிரேக்கைப் பிடிக்கும்வரை ஓடுவது ஒன்று. பிடித்த பிறகு ஓடுவது இன்னொன்று. சுதாரிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார் ரோடு, பிரேக் பிடித்தால் விநாடிக்கு 18 கி.மீ. வேகம் குறைகிறது. கணக்கு இப்படி வரும்:

40 கி.மீ. வேகத்தில்: 17 + 12 = 29 மீட்டர்.
60 கி.மீ. வேகத்தில்: 25 + 28 = 53 மீட்டர்.

வேகம் இரட்டித்தால் முதல் பங்கு இரட்டிக்கும். இரண்டாவது பங்கோ நான்கு மடங்காகும். 80-இல் பிரேக் பிடித்த பிறகு மட்டுமே 49 மீட்டர் ஓடும்.

இன்னொன்றையும் பாருங்கள். 40-இல் வந்தவர் 29-ஆவது மீட்டரில் நின்றுவிட்டார். அதே இடத்துக்கு 60-இல் வருபவர், பிரேக் பிடித்து நாலு மீட்டர்தான் தாண்டியிருப்பார். வண்டி அப்போதும் ஏறக்குறைய 55-இல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே காவடியோடு ஒருவர் நின்றால், அந்த 55-தான் அவர்மேல் மோதும். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தால் சுதாரிக்க இன்னும் நேரமாகும். சாலை வடிவமைப்புக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் இரண்டரை விநாடி வைத்து, 40-க்கு 45 மீட்டரும் 60-க்கு 80 மீட்டரும் பார்வைத் தூரம் வேண்டும் என்கிறது. உங்கள் ஹெட்லைட் அவ்வளவு தூரம் காட்டுகிறதா? காட்டும் தூரத்துக்குள் நிற்கும் வேகமே ராத்திரிக்கு ஏற்ற வேகம். 20 கிலோமீட்டர் போக 60-இல் 20 நிமிடம், 40-இல் 30 நிமிடம். மிச்சமாவது பத்தே நிமிடம்.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறேன். சரிதானா?
- வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: சரியல்ல. பிரேக் பிடித்ததும் பாரம் முன்பக்கம் சாயும். பின் சக்கரம் லேசாகி எளிதில் வழுக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்துங்கள். மணலிலும் வளைவிலும் மழையிலும் முன்னதாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால், நீங்கள் சுதாரிப்பதற்குள் ஓடிய தூரத்தை அது திருப்பித் தராது.