மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளை,

ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது, அடுத்த வாரம் பெங்களூரு லோடுக்குப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். குரலில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. நேரில் சொன்னால் "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாமக்கல் லாரியை முப்பது வருஷம் ஓட்டினேன். ஒரு நாளும் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அந்தத் தைரியமே என்னைக் கொல்லப் பார்த்தது. ஒரு ஐப்பசி மாதம். காலை 6 மணிக்கு எழுந்தவன், ஓசூரில் லோடு ஏற்றத் தாமதமாகி, ராத்திரி 11-க்குத்தான் கிளம்பினேன். தொப்பூர் இறக்கத்தில் கிளீனர் பையன் அலறினான். இடது சக்கரம் தாரை விட்டு இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டினேன் என்று இன்றைக்கும் நினைப்பு. ஆனால் தர்மபுரியைத் தாண்டியது நினைவில் இல்லை.

17 மணி நேரம் தூங்காதவனின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவனுடையதைப் போல மந்தமாகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் சட்டப்படி 30-ஐத் தாண்டினாலே குற்றம். அப்படியானால் அன்றைக்கு நான் குடிகாரன்தான், மாப்பிள்ளை. ஊதச் சொல்லியிருந்தால் மெஷின் பூஜ்யம் காட்டியிருக்கும்.

தூக்கக் கலக்கம் மிஞ்சினால் கணிப்பு கெடும். முன்னே போகும் டிராக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மூளை பிந்திச் சொல்லும். கண் 3 வினாடி சொக்கினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். அதுவரை பிரேக்கில் கால் வைக்க ஆளில்லை. குடித்திருந்தால், எதிர் வண்டி ஹெட்லைட்டில் கூசிய கண் தெளியவும் நேரமாகும். அசதியான உடம்பில் கொஞ்சம் பிராந்தியே பெரிய வேலை செய்யும்.

லோடு இறக்கிவிட்டு, உடம்பு வலிக்கு ஒரு குவாட்டர் போட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்பார்கள். நம்பாதே. 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சாராயம். உன் எடைக்கு அது ரத்தத்தில் ஏறக்குறைய 130 வரை ஏறும். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 தான் இறக்கும். இரவு 11-க்குக் குடித்தவன் விடிகாலை 5-க்குச் சாவி போட்டால், இன்னும் 30-க்கு மேலேதான் இருப்பான். மோரோ, எலுமிச்சையோ, பச்சைத்தண்ணீர்க் குளியலோ கல்லீரலை விரட்டாது. குடித்துத் தூங்கிய தூக்கம் பின்னிரவில் விட்டுவிட்டுப் போகும், அசதியும் தீராது.

விடிகாலை 2-லிருந்து 5 வரை உடம்பே படுக்கச் சொல்லும். கொட்டாவி அடுக்கடுக்காக வந்தால், கடந்துவந்த ஊர் நினைவில் இல்லாவிட்டால், வண்டியை நிறுத்து. இருட்டில் ரோட்டோரமாக நிறுத்திவிடாதே, பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். பங்க் அல்லது தாபாவுக்குள் விடு. ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படு. டீ வேலை செய்யவும் அவ்வளவு நேரம் ஆகும். எழுந்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு ஏறு. முகம் கழுவுவதும் பாட்டை அலறவிடுவதும் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். இதெல்லாம் அந்த நேரத்துக்கான தற்காலிக வழி. கிளம்பும் முன் 7 மணி நேரம் தூங்கியிரு.

விடிவதற்குள் வந்தாக வேண்டும் என்று முதலாளி சொன்னால், முடியாது என்று சொல். நான் ஓட்டிய காலத்திலேயே 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றுதான் வரம்பு வைத்திருந்தது. நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அந்தக் கிளீனர் பையனுக்கு அப்போது பதினேழு வயசு. அவனை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

தொப்பூருக்கு முன்னால் கண் சொக்கினால் வண்டியை ஒதுக்கிவிட்டு எனக்குப் போன் பண்ணு. பழக்கதோஷம், 3 மணிக்கு எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. நீ தூங்கு, 20 நிமிடம் கழித்து நான் கூப்பிட்டு எழுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா