கைத்தொலைபேசியும் குடியானவர் பணமும்

புதுக்கோட்டை ஜில்லா ஆவுடையார்கோவில் தாலூகாவில் நெல்லே பிரதான பயிர். வடகிழக்குப் பருவமழையையும், அம்மழை நீரைத் தேக்கும் கண்மாய்களையும் நம்பியே நிலங்கள் பல சாகுபடியாகின்றன. ஆண்டில் ஒரு போகமே காணும் குடியானவருக்கு, அறுவடைக்குப்பின் வரும் தொகையே அடுத்த அறுவடை வரையில் குடும்பச் செலவுக்கும், விதைக்கும், உரத்துக்கும், கடனுக்கும் ஆதாரமாகும். முற்காலத்தில் அத்தொகை வீட்டுப் பெட்டியில் இருந்தது. இப்பொழுதோ, கொள்முதல் நிலையத்தில் அளந்த நெல்லின் கிரயமும், பயிர்க் காப்பீட்டின் இழப்பீடும், 2019ஆம் ஆண்டில் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின்படி ஆண்டுக்கு மூன்று தவணைகளில் வரும் 6,000 ரூபாயும் நேரே பாங்கிக் கணக்கிற் சேர்கின்றன. அக்கணக்கின் திறவுகோல் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்து காத்தவர்கள், இத்திறவுகோலையும் அவ்வாறே காக்க அறிந்துகொள்ளுதல் அவசியம்.

திருட்டு நடைபெறும் விதம்

இக்காலத்துத் திருடர் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை; உடையவரைக் கொண்டே திறப்பிக்கிறார்கள். "உமது தவணை நிறுத்தப்பட்டது, இச்செயலியை உடனே நிறுவினால் பணம் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். அதனுடன் பி.எம். கிசான் என்னும் பெயர் தாங்கிய ஒரு கோப்பு இருக்கும். அதன் பெயர் ஏ.பி.கே. என்னும் எழுத்துக்களில் முடியும். அதனை நிறுவியவுடன், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். பிறகு கணக்கு எண்ணையும் அட்டை எண்ணையும் எழுதும்படி ஒரு படிவத்தைக் காட்டும். அனுமதியளித்துப் படிவத்தையும் நிரப்பினால், பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவெண்கள் உடையவர் பார்க்குமுன்னரே திருடருக்குப் போய்ச் சேரும்.

வேறு சிலர் பாங்கி குமாஸ்தா போலவும், விவசாய இலாகா அதிகாரி போலவும் பேசி அவ்வெண்ணைக் கேட்பர். இன்னும் சிலர், "பணம் அனுப்பியுள்ளோம், ரகசிய எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்க" என்பர். பணம் கொடுப்பதற்கே ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இவ்வொன்றை நினைவில் வைத்தவர் அவ்வகை ஏமாற்றத்திற்கு உட்படார்.

2020ஆம் ஆண்டின் பாடம்

கல்வி குறைந்தவர்களே ஏமாறுவர் என்று எண்ணுவது தவறு. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த பி.எம். கிசான் மோசடியே இதற்குச் சான்று. விண்ணப்பங்களை அங்கீகரிக்க அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த கடவுச்சொற்கள் பிறர் கைக்குப் போயின. அவற்றைக் கொண்டு, தகுதியில்லாத லட்சக்கணக்கான பெயர்கள் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் பட்டுவாடா செய்யப்பட்டதாகச் சர்க்கார் அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தனர்; ஒப்பந்த ஊழியர் பலர் நீக்கப்பட்டனர். பணம் பெற்றவர்களின் கணக்குகளிலிருந்து அதில் ஒரு பகுதி திரும்ப வசூலிக்கப்பட்டது. கொரோனா நிவாரணம் என்று நம்பித் தங்கள் ஆதார் எண்ணையும் பாங்கிப் புத்தகத்தையும் இடைத்தரகரிடம் கொடுத்த ஏழைகளும் அவர்களுள் இருந்தனர்.

கண்மாய்க் கரையிலுள்ள சிறு நண்டுவளை அடைபடாமற் போனால் கரையே உடைந்துபோவதுண்டு. ஒருவர் தமது கடவுச்சொல்லை, "நம்பிக்கையானவர்தானே" என்று மற்றொருவரிடம் விடுவதும் அத்தகையதே.

காக்கும் முறைகள்

1. செயலிகளைப் பிளே ஸ்டோர் முதலிய அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்தே நிறுவுக. செய்தியோடு வரும் கோப்பை, உறவினர் அனுப்பியதாயினும், திறவாதிருக்க. அவருடைய தொலைபேசியே திருடர் வசப்பட்டிருக்கலாம்.

2. ஓ.டி.பி., அட்டையின் ரகசிய எண், கடவுச்சொல் ஆகியவற்றை எவரிடமும் சொல்லலாகாது. பாங்கியும் அவற்றைத் தொலைபேசியிற் கேட்பதில்லை.

3. தொலைபேசிக்குத் திரைப்பூட்டு இடுக. பிறந்த ஆண்டு, வண்டி எண் போன்று பிறர் எளிதில் ஊகிக்கும் எண்ணைத் தவிர்க்க. வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பு என்னும் காப்பினையும் அமைத்துக்கொள்க.

4. கணினி மையத்தில் விண்ணப்பம் கொடுக்குங்கால், எதற்காக ஓ.டி.பி. கேட்கப்படுகிறது என்பதைக் குறுஞ்செய்தியில் வாசித்து அறிந்தபின், தாமே அதனைப் பதிக. வாசிக்க அறியாதவர், படிக்கும் பிள்ளையையோ நம்பகமான குடும்பத்தாரையோ உடனழைத்துச் செல்க. ஆவண நகல்களை அங்கே விட்டுவரலாகாது.

5. கைரேகையைக் கொண்டு கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறையும் இருப்பதால், ஆதார் கைரேகைப் பதிவை எம்-ஆதார் செயலியிற் பூட்டிவைக்கலாம். வேண்டும்பொழுது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

6. தவணையைப் பற்றிச் சந்தேகம் தோன்றினால், செய்தியில் வந்த எண்ணை அழையாமல், வட்டார விவசாய அலுவலகத்தில் நேரிற் கேட்க. கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551 ஆகும்.

பணம் போயின் செய்யவேண்டியவை

வெட்கத்தாலோ, வீட்டார் கோபிப்பர் என்ற பயத்தாலோ காலம் தாழ்த்தலாகாது. களவுபோன பணம் சில நிமிஷங்களில் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும். அது கடைசிக் கணக்கிலிருந்து எடுக்கப்படுமுன் செய்தி எட்டினால், நிறுத்திவைக்க வழியுண்டு. ஆகையால், ஏமாற்றுச் செயலி நிறுவப்பட்ட தொலைபேசியின் இணையத் தொடர்பை முதலில் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்க. பின்னர்ப் பாங்கிக்குச் சொல்லிக் கணக்கையும் அட்டையையும் நிறுத்துக. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ போலீஸ் நிலையத்திலோ எழுத்து மூலமாகவும் புகார் கொடுக்க. வந்த செய்திகளையும், பணம் போனதைக் காட்டும் குறுஞ்செய்தியையும் அழித்துவிடலாகாது, அவையே சாட்சியங்கள்.

தொலைபேசி தொலைந்துபோனால், கம்பெனியாரிடம் சொல்லிச் சிம் அட்டையை முதலில் நிறுத்துக. பிறகு சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளத்தின் மூலம் அக்கருவியையும் முடக்கலாம்.

மேற்கூறியவற்றிற் பலவற்றிற்குக் காசு செலவில்லை. சிறிது நிதானமே வேண்டும். "உடனே செய்க" என்று அவசரப்படுத்தும் செய்தி எதுவாயினும், அடுத்த நாள் அலுவலகத்தில் விசாரித்தபின் செய்வதால் மெய்யான தவணை போய்விடாது. அவசரப்பட்டு அழுத்திய ஒரு விரலால் ஒரு போகத்தின் பலன் போய்விடக்கூடும்.