கேமரா கேட்ட தங்கச்சிக்கு



எந்தக் கேமரா வாங்குவது, மீரியபெத்தத் தோட்டத்தில் எடுக்கிற படத்தை இணையத்தில் விற்றால் காசு வருமா என்று கேட்டிருந்தாய். இரண்டு கேள்விக்கும் பாதி விடை பொகவந்தலாவையில் புதைக்கப்பட்ட ஓர் அம்மாவின் கதையில் இருக்கிறது.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தத்தைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பாய். அந்தக் கேமரனின் மனைவிதான் இவர். 48 வயதில், 1863 முடிகிற நேரத்தில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதுவரை படமெடுப்பு அவருக்குத் தொழிலாக இருந்ததில்லை. இங்கிலாந்தின் வைட் தீவு வீட்டில் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாக்கினார். நிலக்கரி கொட்டிவைக்கும் இடம் இருட்டறையானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்தவர் சில நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். படம் மங்கலாக இருக்கிறது, தகட்டில் கைரேகை தெரிகிறது என்று அந்தக் காலத்து நிபுணர்கள் கேலி செய்தார்கள். இன்று அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாப்பது அந்த மங்கல் படங்களைத்தான்.

விற்பனையிலும் அவர் கெட்டிக்காரர். லண்டனில் கோல்னாகி என்ற கலைப்பொருள் கடை மூலம் பிரதிகளை விற்றார். 1862இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் 500க்கு மேற்பட்ட படங்களைத் தன் பெயரில் பதிவு செய்தார். இலங்கையிலிருந்த குடும்பத்தின் காப்பித் தோட்டங்கள் வருமானம் தராத காலத்தில், படத்திலாவது நாலு காசு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் பெரிதாக இலாபம் எதுவும் வரவில்லை.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்துவிட்டார். இங்கே இரசாயனமும் நல்ல தண்ணீரும் கிடைப்பதே பாடாக இருந்தது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கெயர்ன் தோட்டத்தில் காலமானார்.

நீ கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரமுகர் படங்களில் டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று முகத்துக்கு முகம் பெயர் உண்டு. களுத்துறையில் எடுத்த படமோ ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதோடு நின்றுவிடுகிறது. அவருக்குப் பிறகும் இதே வழக்கம்தான். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்களைப் படமெடுத்து, கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஆல்பமாகவும் தபால் அட்டையாகவும் விற்றன. தலையில் முக்காடு, முதுகில் கூடை, பின்னால் மலை. இன்றைக்கு ஷட்டர்ஸ்டாக் என்ற பட விற்பனைத் தளத்தில் ‘இலங்கைத் தேயிலை’ என்று தேடினால் வந்து குவிவதும் அதே சட்டகம்தான், கலர் மட்டும் கூடியிருக்கிறது.

ஷட்டர்ஸ்டாக்கை 2003இல் தொடங்கிய ஜான் ஓரிங்கர், தான் எடுத்த ஏறக்குறைய 30,000 படங்களை வைத்துத்தான் கடையைத் திறந்தார். அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள். பத்து நல்ல படத்தை ஏற்றிவிட்டு மாதாமாதம் காசு வரும் என்று காத்திருப்பது வீண். 2020இல் அந்த நிறுவனம் படமெடுத்தவருக்குத் தரும் பங்கின் விகிதத்தை மாற்றியது: அடிமட்டத்தில் 15 சதவீதம், ஏற ஏற 40 வரை, ஜனவரி பிறந்தால் மறுபடி அடிமட்டம். ஒரு பதிவிறக்கத்துக்கு 10 அமெரிக்க சதம்கூடக் கிடைக்கலாம். ஒரு டாலர் சேரப் பத்துப் பேர் வாங்க வேண்டும். ஆகவே இதை நம்பிக் கடன்பட்டுக் கேமரா வாங்காதே. நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் இன்றைய கைத்தொலைபேசியின் படமே அந்தத் தளங்களின் அளவுக்குப் போதும். பழைய கேமரா ஒன்று கைமாறி வந்தால் வாங்கலாம், ஆனால் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கு. நம் மலையின் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் தப்பும். இன்னொன்று, பனிமூட்டத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினால்தான் அது வெள்ளையாக விழும்.

எதை எடுப்பது? 1921இல் திறந்த எல்ல ஒன்பது வளைவுப் பாலம் வேண்டாம், லிப்டன் சீட் வேண்டாம். உலகமே எடுத்துவிட்டது. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்க்கும் கண்கள், கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் கை, பிள்ளைக்காம்பரா, மாசியில் காமன் கூத்துக்கு முகம் எழுதுவது: இவையெல்லாம் வெளியாட்கள் வந்து நிற்காத நேரங்கள், நீ அன்றாடம் நிற்கிற இடங்கள்.

முகம் தெரிகிற படம் விளம்பரத்துக்குப் போக வேண்டுமானால், படத்தில் இருப்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ தமிழில் விளக்கிச் சொல்லாமல் கையெழுத்து வாங்காதே. அந்தப் படத்தை யார் வாங்குவார், எந்த விளம்பரத்தில் போடுவார் என்பது உனக்கே தெரியாது என்பதையும் சொல். ஒப்புதல் இல்லாத படத்தைச் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஏற்றலாம். தொழிற்சாலைக்குள் எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

படத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: டொரோத்தியா லாங் என்ற படப்பிடிப்பாளர் 1936இல் கலிஃபோர்னியாவில் எடுத்த ‘குடிபெயர்ந்த தாய்’ உலகம் முழுக்கப் போனது. அதில் இருப்பவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. படம் பயன்பட்டதற்காக உரிமைப் பணம் எதுவும் அவருக்கு வரவில்லை.

மீரியபெத்த என்று தேடினால் என்ன வருகிறது என்று உனக்குத் தெரியும். 2014 அக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு வந்த கேமராக்கள் எடுத்தவைதான் அதிகம்: சேறு, இயந்திரம், அழுகிற முகங்கள். செய்திக்கு அவை தேவைப்பட்டன. மண்ணுக்குள் போன வீட்டு ஆல்பங்களில் கலியாணமும் சடங்கும் திருவிழாவும் இருந்திருக்கும். ஆகவே விற்கிற வேலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தெரிந்த வீடுகளில் மிஞ்சிய பழைய படங்களைக் கைத்தொலைபேசியிலேயே பிரதி எடு. நிழல் விழாத சன்னல் வெளிச்சம், கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிய படம், நேர் மேலே கேமரா, இவ்வளவு போதும். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், ஊர், ஆண்டு. அந்தப் பிரதிகளை எந்தத் தளத்திலும் ஏற்றாதே. அவை அந்த வீட்டாருடையவை. நீ எடுக்கிற புதுப் படங்களின் உரிமை உன்னுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது உன் ஆயுளுக்கும் அதன் பிறகு 70 ஆண்டுக்கும் நிற்கும். ஆகவே யாராவது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று காகிதம் நீட்டினால், கையெழுத்துப் போடாமல் முதலில் இங்கே அனுப்பு.

அன்புடன்,
அக்கா